மூன்றாவது தூணும் வெள்ளைப் பட்டை மரமும்

நவரத்தினம் நியூ ஜெர்சியில் என்ஜினியர். சனிக்கிழமைகளில் டெலவேர் ஆற்றில் ‘வால்ஐ’ (walleye) என்ற மீனைப் பிடிக்க வருகிற வெள்ளைக்காரர்களைக் காசு வாங்கிக்கொண்டு தன் படகில் கூட்டிப்போவார். வசந்தத்தில் அந்த மீன் பாறையோரம் முட்டையிடும். கோடையில் இருட்டினால்தான் மேலே வரும். குளிர்காலத்தில் ஒரே ஒரு மடுவில் போய் ஒதுங்கும். அந்த மடுவைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆறு வருடம் பிடித்தது. பாலத்தின் மூன்றாவது தூணும் கரையிலிருக்கும் வெள்ளைப் பட்டை மரமும் நேர்கோட்டில் வந்தால் அதுதான் இடம். வெள்ளைக்காரர்கள் அதைக் குறித்துக்கொள்ளாதபடி படகைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக் குழப்பிவிடுவார்.

எண்பத்தாறு டிசம்பரில் சென்னைக்காரன் பத்மநாபன் படகில் ஏறினான். நம்முடைய ஆள்தானே என்று இரண்டு அடையாளங்களையும் கை நீட்டிக் காட்டினார். அங்கேதான் மனிதர் மோசம்போனார்.

“ஒருத்தருக்கும் சொல்லாதையும், தம்பி.”

“சேச்சே, ப்ராமிஸ் அண்ணே!”

அடுத்த டிசம்பரில் அந்த மடுவில் ஒரு புதுப் படகு நின்றது. நான்கு வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டிருந்தார்கள். மோட்டார் பக்கத்தில் பத்மநாபன். முகத்தில் வெட்கமே இல்லை.

“வாங்கண்ணே, ஓரமா போட்டுக்குங்க” என்று கையசைத்தான். “நம்ம ஆளுன்னுதான் allow பண்றேன்.”