செருப்பைக் கழற்றச் சொன்ன பலகை

'செருப்பை இங்கே கழற்றி விடவும்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை என் கடையில் கிடக்கிறது. எழுதிய புத்திசாலி நான்தான். வாசலில் அது அரை மணி நேரம்கூடத் தொங்கவில்லை. இப்போது கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் வைத்துத்தான் ஸ்டிக்கர் வெட்டுகிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஓசூர் பாகலூர் சாலையில் கடை போட்ட புதிது. கம்பெனி மெஷின்களுக்கு 'அபாயம்' ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் பிழைப்பு. ஒருநாள் தொழிற்சங்கச் செயலாளர் அண்ணன் வந்தார். தீண்டாமையை எதிர்த்து நம் பக்கத்து ஜனங்கள் நடத்திய போராட்டங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிறோம், அழைப்பிதழிலிருந்து அரங்கம் வரை நீயே செய் என்றார். அவருக்கு உத்தனப்பள்ளிப் பக்கத்து ஊர். முதல் சம்பளத்தில் வாங்கிய செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தார் என்று அடித்து, அதைத் தலையில் சுமக்க வைத்திருக்கிறார்கள். மறுவாரம் காலனி ஆட்கள் அத்தனை பேரும் செருப்புக் காலோடு அதே தெருவில் நடந்தார்கள். இதையெல்லாம் அவர் ஷிப்ட் நேரம் சொல்வதுபோல்தான் சொன்னார்.

நான் செருப்பு ஜோடியையே சின்னமாக வரைந்தேன். அழைப்பிதழ், பேட்ஜ், பை, எல்லாவற்றிலும் அதுதான். கண்காட்சிக்குப் பிடித்த கல்யாண மண்டபத்தின் தரை முழுக்க அந்தத் தெருவையே போட்டோவாக அச்சடித்து ஒட்டினேன். பார்க்க வருகிறவர்கள் அதன்மேல் நடந்துதான் படங்களைப் பார்க்க வேண்டும். பெங்களூரில்கூட இப்படிக் கிடையாது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுத் தெருப்படம் அழுக்காகிவிடுமே என்ற பயத்தில்தான் கடைசி நிமிஷத்தில் அந்தப் பலகையை மாட்டினேன். கல்யாண மண்டபம் என்றால் செருப்பை வெளியே விடுவதுதானே வழக்கம், வேறு எதுவும் தோன்றவில்லை.

திறப்பு விழாவுக்கு வந்த எல்லோரும் பேசாமல் கழற்றினார்கள். அண்ணன் மட்டும் படியில் நின்றுவிட்டார். பலகையைப் பார்த்தார், உள்ளே தரையைப் பார்த்தார்.

"ஏம்பா, அது எங்க ஊர்த் தெருதானே?"

"ஆமாண்ணே."

"அதுல நடக்கறதுக்குச் செருப்பக் கழட்டணுமா? இதுக்கா அன்னிக்கு ஒத வாங்குனேன்? நான் வரலபா, நீங்களே தொறந்துக்குங்க."

திரும்பிப் படியிறங்கத் தொடங்கிவிட்டார். அவர் இல்லாமல் அந்தக் கண்காட்சிக்கு என்ன அர்த்தம்? சீ, என்ன காரியம் செய்தோம்! பலகையைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் செருப்பை மாட்டி, அந்தத் தெருவில் ஏறி நின்றேன். "வாங்கண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு ஏறி வந்து, நடுத்தெருவில் வாசல் சேறு படிய நடந்தார். மற்றவர்களும் தத்தம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் தெருப்படமே தெரியவில்லை, வெறும் காலடித் தடம். அதைத்தான் ஜனங்கள் அதிக நேரம் நின்று பார்த்தார்கள்.

போன மாதம் அண்ணன் தன் பேத்தியின் கல்யாணப் பத்திரிகைக்காகக் கடைக்கு வந்தார். வெளியே மழை. வாசலில் நின்று, நான் புதிதாகப் போட்ட வெள்ளை டைல்ஸைப் பார்த்தார். "அழுக்காவுமேப்பா" என்று கண்ணைச் சிமிட்டினார்.

"ஆவட்டும். அப்படியே உள்ள வாங்கண்ணே."