எங்கே நின்றாலும் கடல் தெரியாது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதச் சொன்ன அவர் பிள்ளைகள், "அப்பா யார் மேலயும் கோபம் வச்சதில்லன்னு எழுதுங்க அத்தை" என்றார்கள். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அண்ணன் ஒருவர் மேல் சாகும்வரை கோபம் வைத்திருந்தார். நானும் வைத்திருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். எங்கள் பூட்டனார், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊரிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிப் போனவர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைக்கு நடந்தார். அப்போது அங்கே காப்பித் தோட்டம். காப்பியில் நோய் விழுந்து செடிகள் பட்டுப்போன பிறகு தேயிலை வந்தது. மலை மலையாக அதை நட்டவர்கள் எங்கள் ஆட்கள். அந்த நாடு சுதந்திரம் வாங்கியதும் எங்களுக்குக் குடியுரிமை இல்லை என்றது. பிறகு இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. பெரியம்மா குடும்பம் அங்கே, நாங்கள் இங்கே. பள்ளிக்கூடப் புத்தகத்தில் சோழன் படை அந்தத் தீவுக்குப் போன கதை இருக்கிறது, கூடை சுமக்கப் போன நம் பூட்டன் கதை இல்லை என்று அண்ணன் அடிக்கடி சொல்வார்.

அப்பாவும் அம்மாவும் அந்த மலையிலேயே அடங்கிவிட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி நாங்கள் ராமேஸ்வரத்தில் இறங்கியபோது அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினேழு. ஊரில் எங்களுக்கு இருந்த ஒரே உறவு சித்தப்பா. பூட்டனாரோடு போகாமல் இங்கேயே தங்கிவிட்ட அவருடைய அண்ணன் வழியில் வந்தவர். பிள்ளை இல்லாத அவரும் சித்தியும் எங்களைப் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டார்கள். ஊரார் எங்களைச் "சிலோன்காரங்க" என்றார்கள். இலங்கையில் எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள்.

ஆட்சி மாறி, தெருமுனையெல்லாம் கறுப்பு சிவப்புக் கொடி பறந்த காலம் அது. குத்தகைக்கு உழுகிறவர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. சித்தப்பா உழுத நிலம் ஊர் மிராசுதாருடையது. அவர் பெயரை எழுதி இந்த மலரை அழுக்காக்க எனக்கு விருப்பமில்லை. சித்தப்பா பதிவுக்கு மனு கொடுத்த மறுவாரம், வாய்க்கால் மதகடியில் மூன்று பேர் மறித்து அவருடைய வலது கையை ஒடித்தார்கள். அந்தக் கை கடைசிவரை சோற்றைப் பிசையவில்லை.

மனு விசாரணைக்கு வந்தது. மிராசுதார் தரப்பு சொன்னது இதுதான்: இந்த ஆள் இத்தனை வருஷமாக ஊரிலேயே இல்லை, சிலோனில் இருந்தார், நிலத்தை நாங்களே சாகுபடி செய்தோம். சித்தப்பா ஒருநாளும் கடல் தாண்டாதவர். ஆனால் அதைச் சொல்ல ஒருவரும் வரவில்லை. ஊரில் எல்லோருக்கும் மிராசுதார் வயலில்தான் வேலை. மிராசுதாரின் காரியஸ்தர் ஒரு கடிதத்தை வேறு எடுத்து நீட்டினார். சித்தப்பா சிலோனிலிருந்து ஆள் வைத்து எழுதி அனுப்பியதாம். உறை இல்லை, கடிதம் மட்டும்.

தாசில்தார் அலுவலகத்தில் அதை உரக்கப் படித்தார்கள். நானும் அண்ணனும் சித்தப்பாவுக்கு இரண்டு பக்கமும் நின்றிருந்தோம். ஹட்டனில் தென்னந்தோப்பில் வேலை, வாசலில் நின்றால் கடல் தெரிகிறது, ஆடி மாதம் மழையே இல்லாமல் கிணறு வற்றிவிட்டது, போன வாரம் சிவனொளிபாத மலை ஏறிச் சாமி கும்பிட்டேன் என்று எழுதியிருந்தது.

அண்ணன் பேச அனுமதி கேட்டார். தாம் பிறந்த ஊர் அது என்றார். அந்தத் தீவில் கரையோரம் தென்னை, அதற்கு மேலே ரப்பர், உச்சியில் தேயிலை. ஹட்டன் குளிருக்குத் தென்னை காய்க்காது என்றார். ஆடியில் இங்கே நமக்குக் காற்றுதான், ஆனால் தென்மேற்கு மழை அந்த மலையில்தான் வந்து முட்டும், வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது என்றார். சிவனொளிபாத மலையை நாம் சிவன் பாதம் என்கிறோம், சிங்களவர் புத்தர் பாதம் என்கிறார்கள், முஸ்லிம்கள் ஆதம் பாதம் என்கிறார்கள், எல்லோரும் ஏறுவது மார்கழியிலிருந்து வைகாசி வரை, ஆடி மழையில் யாத்திரை கிடையாது என்றார். தாசில்தார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் காரியஸ்தர் பக்கம் திரும்பி, "ஹட்டன்லேர்ந்து கடல் எவ்வளவு தூரங்க?" என்று கேட்டார்.

"தீவுதானே. எங்க நின்னாலும் கடல் தெரியும்" என்றார் காரியஸ்தர்.

தாசில்தார் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று கேட்டார். காரியஸ்தர் மிராசுதாரைப் பார்த்தார். அந்த ஒரு பார்வை போதுமாயிருந்தது. சித்தப்பா பெயர் பதிவாயிற்று.

இதோடு அண்ணன் விட்டிருக்கலாம். விடவில்லை. ஒடிந்த கைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. சித்தப்பாவுக்குப் பதிலாக ஏர் பிடித்தார், குறுவையும் சம்பாவும் எடுத்தார், கல்யாணம் செய்தார், காரை வீடு கட்டினார். மிராசுதார் தினம் கோயிலுக்குப் போகும் பாதையைப் பார்த்த சுவரில் இலங்கைப் படத்தை ஆளுயரத்துக்கு வரைந்தார். தென்னைக்கு ஒரு நிறம், ரப்பருக்கு ஒன்று, தேயிலைக்கு ஒன்று. மகாவலி ஆறு மலையில் பிறந்து திருகோணமலைப் பக்கம் கடலில் விழுவது வரை நீலத்தில் இழுத்திருந்தார். ஹட்டனில் சிவப்புப் பொட்டு. அடியில், "எங்கே நின்றாலும் கடல் தெரியாது" என்று எழுதினார்.

மிராசுதார் வாய்க்கால் கரையைச் சுற்றிக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். அண்ணன் வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்தப் படத்துக்கு மட்டும் புது வர்ணம் அடித்தார். அண்ணி ஒருமுறை, போதும் விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். "சித்தப்பா கை திரும்ப வரட்டும், விட்டுடுறேன்" என்றார் அண்ணன்.

மிராசுதார் இறந்த அன்று அவர் மகன் வந்தார். சுடுகாட்டுக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். பாடை கடக்கும்வரை படத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடச் சொல்லிக் கேட்டார். அண்ணன் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "இல்லைங்க தம்பி. கடைசியா ஒரு தரம் பாத்துட்டுப் போகட்டும்" என்றார். பாடை சுவரைக் கடந்து போனபோது வாசலில் கைகட்டி நின்றார். அது சரியா தவறா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

கடைசி ஆறு மாதம் அண்ணனுக்கு மூச்சுத் திணறல். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். ஹட்டனிலிருந்து பெரியம்மா மகள் தொலைபேசியில் பேசினால் மட்டும் முகம் தெளியும். மழை பெய்கிறதா என்று முதலில் கேட்பார். ஒரு விடிகாலையில் அமைதியாக அடங்கினார்.

அன்று மிராசுதார் மகன் மாலையோடு வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. நான் அண்ணன் தலைமாட்டிலிருந்து எழுந்து மறித்தேன்.

"போடலாங்க. எங்க சித்தப்பா கைய ஒடிச்சது யாருன்னு இங்க இருக்கவங்க காதுல விழற மாதிரி சொல்லிட்டுப் போடுங்க."

அவருக்கும் தலை நரைத்துவிட்டது. மாலையோடு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். "எங்க அப்பாதான் ஆள் வச்சு ஒடிச்சாரு" என்றார். ஊர் கேட்டது. நான் நகர்ந்துகொண்டேன்.

அண்ணனுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், வாடகை பேசாமல் இரவு பகல் வண்டி ஓட்டிய கீழத்தெருத் தம்பிக்கும், பதினாறு நாளும் அடுப்படியைத் தாங்கிய பெண்களுக்கும், விசா வாங்கிக் கடல் கடந்து காரியத்துக்கு வந்த பெரியம்மா பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த மாலையைப் போட்டவருக்கும் நன்றி. அவர் தகப்பனாருக்கு இல்லை.