இலஞ்சிக்காரி சொன்ன பொய்

தென்காசியில் கல்லூரி சாஃப்ட்பால் இறுதி ஆட்டம். பந்து வீசும் பிட்சர் நான்தான். ஒரு ரன் முன்னிலையில் இருந்தோம். கடைசி அவுட் பாக்கி. மூன்று பேஸிலும் எதிரணியினர் நிற்க, இலஞ்சிக்காரி ஒருத்தி மட்டையோடு வந்தாள். முதல் இரண்டு பந்துகளையும் அடிக்கப் பார்த்துத் தவறவிட்டாள்; மூன்றாவதும் தவறினால் அவுட். சாரலில் நனைந்த பந்து என் கையிலிருந்து வழுக்கி அவள் முழங்கையில் பட்டது. சத்தம் எனக்கே கேட்டது. பந்து உடம்பில் பட்டால் அவளுக்கு முதல் பேஸ்; மற்றவர்கள் ஒவ்வொரு பேஸ் நகர, அவர்களுக்கு ஒரு ரன்; ஆட்டம் சமனாகிவிடும். நடுவருக்குச் சந்தேகம். அவளிடமே கேட்டார்.

"படல சார்."

நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பந்தையும் அடிக்கப் பார்த்துத் தவறவிட்டு அவள் அவுட்டானாள்.

மறுநாள் குற்றாலம் அருவியில் அவளைப் பார்த்தேன். முழங்கை கன்றிப்போயிருந்தது.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"அடிச்சு ஜெயிக்கணும்னு நெனச்சேன். நீ ஏம்ட்டி சும்மா நின்ன?"

அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு என்னை எடுத்தார்கள். அவள் செய்தது திமிரா, பெருந்தன்மையா என்று இன்றும் புரியவில்லை. நான் செய்தது என்னவென்று மட்டும் தெரியும்.