இடிக்கு யாரைக் கூப்பிடுவது

இடி வரப்போவது எங்கள் வீட்டில் முதலில் தட்டுகளுக்குத்தான் தெரியும். சமையலறைச் சுவரோரம் மர ஸ்டாண்டில் சாய்த்து வைத்த எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் 'கிணுகிணு'வென்று நடுங்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே நான் ஒளிய இடம் தேடுவேன். அறுபதுகளின் கடைசியில் சிட்லபாக்கத்தில், ஏரிக்கரை கண்ணில் படும் தூரத்தில், ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அந்தத் தட்டுகள் வேறொரு காரணத்துக்காகவும் நடுங்கும். வடக்கே மலையில் கல் உடைக்க 'வேட்டு' வைப்பார்கள். ஆனால் வேட்டுக்கு முன்னால் விசில் ஊதுவார்கள், சிவப்புக் கொடி காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் அதற்கு நான் பயந்ததில்லை. விசில் ஊதாமல் வெடிக்கிறதுதான் என்னைக் கொன்றது.

ஐப்பசி பிறந்துவிட்டால் நான் அரை உயிர். காலையில் எழுந்ததும் மேற்கே பார்ப்பேன். சோற்றில் கை வைக்கும்போது பார்ப்பேன். பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். மற்ற பிள்ளைகள் மழை வந்தால் லீவு விடுவார்களா என்று குதிக்க, நான் மட்டும் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன். வீட்டில் என் இடம் அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த ஒரு முழம் சந்து. அதற்குள் உடம்பைச் சொருகிக்கொண்டு, காதில் விரலை வைத்துக்கொண்டு, மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிக்கொண்டிருப்பேன்.

பக்கத்து வீடு பஞ்சவர்ணம் அக்காவுடையது. அவர்கள் அந்த ஊரின் பூர்வீகக் குடி. ஏரிக்குக் கீழே நெல் வயல் இருந்தது. அக்காவிடம் ஒரு சிவப்புப் பசு உண்டு. 'செவல' என்று கூப்பிடுவாள். அதன் பால்தான் விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வரும். வானம் உறும ஆரம்பித்ததும் அக்கா கொடியில் காயும் துணிகளை அள்ளிக்கொண்டே, "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவுவாள். சந்தையில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிற குரல் அது. ஏன் அவரைக் கூப்பிடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "இடி வுடுறது யாரு? இந்திரன். அர்ச்சுனன் அவுரு புள்ள. புள்ள பேரைச் சொல்லிகினு நிக்கறவ மேல அப்பன் கை ஓங்குவானா, நீயே சொல்லு கண்ணு" என்றாள். எனக்கு அது மறுக்க முடியாத நியாயமாகத் தோன்றியது.

ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது. நாங்கள் கிறிஸ்தவர்கள். அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை; இடி இடித்தால் என்னையும் ஆறு வயதுத் தம்பி சாமையும் முழங்காலில் நிறுத்தி ஜெபம் பண்ணுவாள். அதற்கு முன்னால், மின்னலை இழுத்துவிடும் என்று நிலைக்கண்ணாடியைப் பழைய புடவையால் மூடிவிடுவாள். பக்கத்து வீட்டிலும் அதையேதான் செய்தார்கள், அம்மாவைக் கேட்டால் மட்டும் "இது சாமி விஷயமில்லை, சயன்ஸ்" என்பாள். ஒருமுறை ஜெபத்துக்கு நடுவில் பெரிய இடி ஒன்று விழ, என் வாய் என்னைக் கேட்காமலே "அர்ச்சுனா" என்றுவிட்டது. அம்மா கண்ணைத் திறக்காமலே என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். ஜெபம் முடிந்ததும் சொன்னாள்: "கூப்பிட்டா ஒருத்தரைக் கூப்பிடு. பத்துப் பேரைக் கூப்பிட்டா, அவன் பாத்துப்பான் இவன் பாத்துப்பான்னு பத்துப் பேருமே சும்மா இருந்துடுவாங்க."

அன்றிலிருந்து பயம் இரண்டானது. பெயரைச் சொல்லாவிட்டால் இந்திரன் அடிப்பார். சொன்னால் கர்த்தர் அடிப்பார். எந்தப் பக்கம் பார்த்தாலும் அடி எனக்குத்தான்.

அப்பா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் படிப்படியாக விளக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். என் பயத்தையும் அப்படித் தீர்க்கலாம் என்று நினைத்து, பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு பழைய ஆங்கிலப் படப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். உலகத்தில் எந்தெந்த நாட்டார் இடிக்கு யாரைச் சாமியாக வைத்திருந்தார்கள் என்று அதில் இருந்தது. சாயங்காலங்களில் என்னை மடியருகே வைத்துக்கொண்டு தமிழில் சொல்லுவார். எல்லா ஊரிலும் மனிதர்கள் பயந்திருக்கிறார்கள், பயந்தவர்கள் எல்லாரும் ஒரு சாமியை வரைந்துகொண்டார்கள், அவ்வளவுதான் என்பது அவர் கணக்கு. மருந்து கொடுக்கப் போய் நோயை வளர்த்த கதையாக அது முடிந்தது. அதுவரை மேலே ஒருவரோ இருவரோதான் இருந்தார்கள். அப்பா புத்தகத்தை மூடியபோது ஒரு கூட்டமே இருந்தது.

கிரேக்கர்களின் சீயஸுக்கு மின்னலைச் செய்து கொடுக்க ஒற்றைக்கண் அரக்கர்கள் பட்டறை வைத்திருந்தார்கள். ஆகவே சரக்கு தீராது. வடக்கே பனி தேசத்துத் தோர் ஆட்டுக்கிடாய் பூட்டிய வண்டியில் வருவார், அவர் எறிந்த சுத்தியல் அவர் கைக்கே திரும்பி வந்துவிடும் என்று அப்பா ஆசையாகச் சொன்னார். அப்படியானால் திரும்பவும் எறிவாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆப்பிரிக்காவில் ஷாங்கோ. அவர் இடி ஒரு வீட்டில் விழுந்தால் பூசாரிகள் வந்து தரையைத் தோண்டி இடிக்கல்லைத் தேடுவார்களாம். அடி வாங்கிய வீட்டுக்காரர்தான் தண்டமும் கட்ட வேண்டுமாம். ஜப்பானின் இடிச்சாமி முதுகைச் சுற்றி மத்தளங்களைக் கட்டிக்கொண்டு, குழந்தைகளின் தொப்புளைத் தின்ன வருவார். இதைக் கேட்டதிலிருந்து சாம் இடி இடித்தால் அப்பாவின் துண்டை வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எல்லாரையும்விட என்னைக் கலக்கியது சீனாவின் இடிச்சாமிதான். அவர் ஒருமுறை தவறிப்போய்க் குற்றமற்ற ஒரு பெண்ணை அடித்துக் கொன்றுவிட்டாராம். அதன் பிறகு அந்தப் பெண்ணே அவருக்கு மனைவியாகி, கையில் கண்ணாடிகளை வைத்துக்கொண்டு முன்னால் வெளிச்சம் காட்டுகிறாளாம், ஆளைச் சரியாகப் பார்த்து அடிக்கட்டும் என்று. அப்படியானால் மின்னல் என்பது ஆள் அடையாளம் பார்ப்பது. மின்னும்போதெல்லாம் என் முகத்தைப் பாவாடையில் புதைத்துக்கொண்டேன்.

யாரையும் விட்டுவிடக்கூடாது என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லார் பெயரையும் எழுதி மனப்பாடம் செய்தேன். முதலில் இயேசப்பா, கடைசியில் அர்ச்சுனன். ஆரம்பமும் முடிவும் பலமாக இருந்தால் நடுவில் இருப்பவர்கள் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு.

அது ஒரு சனிக்கிழமை. அப்பா விடைத்தாள் கட்டு ஒன்றை வாங்கிவர, பெருங்களத்தூரில் இருந்த இன்னொரு ஆசிரியர் வீட்டுக்குச் சைக்கிளில் போயிருந்தார். மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். மூன்றரைக்கு வெளிச்சம் குறைந்தது. தட்டுகள் நடுங்கின. அம்மா கண்ணாடியை மூடிவிட்டு, அடுப்பங்கரையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு முணுமுணுவென்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். நான் சந்துக்குள் போகவில்லை. அப்பா வராததால் போக முடியவில்லை. பின்பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையைப் பார்த்தபடி நின்றேன். பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் வழியாக வருவதற்கு அப்பா அந்தக் குறுக்குவழியைத்தான் பிடிப்பார்.

அவர் வந்தார். கரைமேல், மழைக்குள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், மறுபக்கம் வயல். அந்தப் பெருவெளி முழுவதிலும் நிமிர்ந்து நின்றவை இரண்டே: வயலோரத்து ஒற்றைப் பனைமரமும் என் அப்பாவும். மின்னியது. அவர் முகம்கூடத் தெரிந்ததுபோல் இருந்தது. இப்போது ஆளைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மனப்பாடம் செய்த பெயர்களை எல்லாம் சொல்லத் தொடங்கினேன். நாக்கு குழறியது, நடுவில் யாரோ ஒருவர் பெயர் மறந்துபோயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரமில்லை. கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு, யாரை என்று தெரியாமல், எல்லாரையும் சேர்த்து வேண்டினேன்: "எங்க அப்பா மேல வேணாம். வேற யார் மேலயாவது போட்டுக்கோங்க."

உடனே விழுந்தது. எண்ணுவதற்கு இடைவெளியே இல்லை. உலகம் முழுவதும் வெள்ளையாகி, ஜன்னல் கம்பி கையில் அதிர்ந்து, தட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் தரையில் கொட்டின. கண் தெளிந்து பார்த்தபோது கரைமேல் யாருமில்லை. சைக்கிள் மட்டும் விழுந்து கிடந்தது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. கத்தினேன் என்று சாம் இன்றும் சொல்லுவான். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. முன்வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. உடம்பெல்லாம் சேறு, செருப்பு இல்லை, விடைத்தாள் கட்டு இல்லை. அவர் ஈர இடுப்பைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகையில் சந்தோஷத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அது நெடுநேரம் நீடிக்கவில்லை. பக்கத்து வயலிலிருந்து பஞ்சவர்ணம் அக்கா "அய்யோ செவல! அய்யோ எம் செவல!" என்று அலறும் சத்தம் வந்தது.

மேய்ச்சலுக்காகப் பனைமரத்தடியில் கட்டியிருந்த செவலை அங்கேயே கால்கள் விறைத்துக் கிடந்தது. மரத்தின் தலை கருகியிருந்தது. மழை விட்டதும் எல்லாரும் ஓடினார்கள், நான் போகவில்லை. போட்டுக்கொள்ளச் சொன்னவள் நான். போட்டுக்கொண்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமே இல்லை.

எனக்குக் காய்ச்சல் கண்டது. 'பயந்த காய்ச்சல்' என்று அம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டாள். கிடந்த இடத்தில் என் காதில் விழுந்ததெல்லாம் கன்றுக்குட்டி கத்துவதுதான். விடியற்காலையில், பால் கறக்கும் நேரத்துக்குச் சரியாகத் தொடங்கி, வெயில் ஏறும் வரை கத்தும். அம்மா வேறெங்கிருந்தோ பால் வாங்கிக் காய்ச்சிக் கொடுத்தாள். தம்ளரைத் தள்ளிவைத்தேன்.

நாலாம் நாள் அப்பாவும் அம்மாவும் துக்கம் விசாரிக்கப் போனார்கள். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நடந்தேன். அடிக்கட்டும், காறித் துப்பட்டும், சொல்லிவிட வேண்டும். அக்கா மாட்டுக் கொட்டகை வாசலில் கன்றுக்குக் கஞ்சித் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கைகளைக் கூப்பினார். என் அப்பா யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அம்மா அழ ஆரம்பித்தாள். "இன்னா டீச்சரம்மா இது, இதுக்குப் போயி அழுதுகினு" என்று அக்காதான் அவளைத் தேற்றினாள். "மாட்ட அவுக்கத்தான் ஓடுனேன். பாத்தா, சாரு கரை மேல வந்துகினு கீறாரு. எறங்கு சார், எறங்கிப் படு சார்னு கத்திகினே அந்தாண்ட ஓடிட்டேன். கயித்த அவுக்க மறந்துட்டேன். போவுது, மாடு போனா இன்னொரு மாடு. சாரு போனா வருவாரா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வெட்டவெளியில், தலைக்கு மேலே அத்தனை பேர் சுத்தியலும் மத்தளமுமாக நிற்கும்போது, மழைக்குள் என் கண்ணில் படாமல், அவள் கரைப் பக்கம் ஓடியிருக்கிறாள். அவள் குரலைக் கேட்டுத்தான் அப்பா சைக்கிளைப் போட்டுவிட்டுச் சரிவில் உருண்டு வாய்க்காலில் படுத்திருக்கிறார். அதே நிமிஷத்தில், சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான் வேறு யாரையாவது எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் அந்த வேறு யாரோதான். மாட்டுக்குப் பதில் அவள்மேல் விழுந்திருக்கலாம்.

அக்கா என் முகவாயைத் தொட்டாள். "இன்னா கண்ணு இப்டி நடுங்குற? நீயும் அர்ச்சுனனைக் கூப்ட்டியா?"

அம்மா பக்கத்தில் நிற்கிறாள் என்பதுகூட மறந்து, ஆமென்று தலையாட்டினேன்.

"அதான் உங்கப்பாரு நல்லபடியா வந்துட்டாரு" என்றாள்.

அம்மா அன்று என்னைக் கிள்ளவில்லை. நான் சொல்ல வந்ததைச் சொல்லவும் இல்லை. அடுத்த தை மாதம் அக்கா வீட்டில் வேறொரு பசு வாங்கினார்கள். அதன் பிறகு ஒன்பது வருஷம் தினமும் காலையில் அக்கா எங்கள் வாசலுக்குப் பால் கொண்டுவந்தாள். முக்கால்வாசி நாள் பாத்திரத்தை நீட்டி வாங்கினவள் நான்தான். எழுபதுகளின் கடைசியில் வயல்களை மனைகளாகப் போட்டு விற்றுவிட்டு, அவர்கள் தெற்கே எங்கோ நிலம் வாங்கிப் போனார்கள். வண்டியில் சாமான் ஏற்றும்போதுகூட நான் அருகில்தான் நின்றேன்.

இன்று சிட்லபாக்கத்தில் வயல் என்று சொல்லிக்கொள்ள ஒரு பாத்தி இல்லை. ஏரியைச் சுற்றிக் கம்பி வேலி, நடைபாதை. பனை நின்ற இடம் எது என்று எனக்கே சரியாகக் காட்டத் தெரியாது. எங்கள் அடுக்குமாடியின் உச்சியில் இடிதாங்கி இருக்கிறது. மழை வரப்போவதைக் கைபேசி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இடித்தால் யாரும் யாரையும் கூவி அழைப்பதில்லை; டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. அந்தப் புத்தகத்துச் சாமிகளில் பாதிப் பேரின் பெயர்கூட இப்போது எனக்கு நினைவில்லை.

பயம் மட்டும் போகவில்லை. போன ஐப்பசியில் ஒருநாள் பட்டப்பகலில் பெரிய இடி ஒன்று விழுந்தபோது, நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் யாரோ ஒரு பெண் தனியாக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்து, உள்ளே வாம்மா, உள்ளே வந்துடு என்று என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். அதற்கு முன்னால், இடி விழுந்த அந்த நொடியில், என் வாயில் தானாக வந்த பெயர் இயேசப்பாவும் இல்லை, அர்ச்சுனனும் இல்லை; "பஞ்சவர்ணம் அக்கா" என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.