முதுகுக்குப் பின்னால் ஒரு சுண்டு விரல்

அப்பா மேடையில் எங்களைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. கோயம்புத்தூரில் மெல்லிசைக் குழு நடத்திய காலமெல்லாம், வேகாத வெயிலிலும் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடிதான் நிற்பார். எங்களுக்கான உத்தரவெல்லாம் முதுகுக்குப் பின்னால் கட்டிய இடக்கையில். சுண்டு விரல் தரையைக் காட்டினால் சுருதியை இறக்கு. கை விரிந்தால் வேகத்தைக் குறை. முஷ்டி என்றால் முடி. கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிக்க ஆரம்பித்து, சொந்தக் குழு வைத்து, அப்புறம் தானே பக்திப் பாட்டு இசைத்தட்டுகள் தயாரித்து ஊர் ஊராக ஒலிக்கவிட்ட மனிதர். அவருடைய சுண்டு விரலுக்கு அதிகம் வேலை வைத்தவள் நான்தான். மைக்கைப் பிடித்தால் எனக்கு எப்போதும் உச்சத்தில்தான் எடுக்க வரும்.

அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில் எங்களோடு இருந்தவருக்குப் போன கோடையில் ஸ்ட்ரோக் வந்தது. தோசைக்குக் கை நீட்டியவர் அப்படியே சரிந்தார். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. நாங்கள் சொல்வது புரிகிறதா என்பதுகூடத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மறுவாழ்வு மையத்துக்கு மாற்றினார்கள். அங்கே பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் தினமும் கட்டிலருகே வந்து, "கண்ணை மூடுங்கள், கையைத் தூக்குங்கள்" என்று இங்கிலீஷில் கேட்பாள். நான் தமிழில் சொல்வேன். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல பெண்தான். ஆனாலும், சொன்னதைக் கேட்டுச் செய்தால்தான் பயிற்சி தொடரும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றவேண்டி வரும் என்று சொல்லிவிட்டாள். அங்கே போனால் பராமரிப்பார்கள், பேச வைக்க மாட்டார்கள்.

கணவரிடம் போனில் பொரிந்து தள்ளினேன். "இத்தனை வயசு வரைக்கும் யார் பேச்சையும் கேக்காத மனுஷன்ங்க! இப்ப மட்டும் அந்தப் பொண்ணு சொன்னா கைய தூக்கிருவாரா?"

"கத்தாத. மீட்டிங் முடிச்சுட்டு டிரைவ் பண்ணி வந்துடறேன்" என்றார்.

வியாழக்கிழமை மதியம் நர்ஸ் அப்பாவை ஜன்னல் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுப் போனாள். அவருடைய முதுகு என்னைப் பார்த்து இருந்தது. சும்மா உட்கார முடியாமல், எங்கள் குழு எந்தக் கச்சேரியிலும் முதலில் பாடும் பிள்ளையார் பாட்டை எடுத்தேன். வழக்கம்போல உச்சத்தில்.

அப்பாவின் இடக்கை மெதுவாக முதுகுக்குப் பின்னால் வந்தது. அரிக்கிறதோ என்று எழுந்தேன். சுண்டு விரல் மட்டும் நீண்டு, அவர் கால் பக்கமாகச் சுட்டியது.

அட பிள்ளையாரப்பா! குரலை இறக்கினேன். விரல் மடங்கியது. வேண்டுமென்றே ஏற்றினேன். வெடுக்கென்று மறுபடி நீண்டது. அந்த வெடுக்கு எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

ஓடிப்போய்த் தெரபிஸ்டை இழுத்துவந்தேன். பார்த்துவிட்டு, "அதுவாக அசைவதாக இருக்கலாம், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்றாள் பாவம் பார்த்த குரலில். எனக்குச் சுர்ரென்றது. "இப்போது வேகமாகப் பாடுவேன், கை விரியும் பார்" என்று சொல்லிவிட்டுத் தாறுமாறாக ஓட்டினேன். கை விரிந்தது. உச்சத்துக்குப் போகிறேன் என்றேன், போனேன். சுண்டு விரல் வந்தது.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இவர் ஃபாலோ பண்ணவில்லை, லீட் பண்ணுகிறார்" என்று தன் மொழியில் சொல்லிச் சிரித்தாள். இங்கேயே இருக்கட்டும், நாளைக்கே டாக்டரிடம் பேசிவிடுகிறேன் என்றாள்.

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அழுகையும் சிரிப்புமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தேன், கண்ணராவியாக. முதுகுக்குப் பின்னால் முஷ்டி இறுகியது. நான் நிறுத்தவில்லை. முஷ்டி மெத்தையில் ஓங்கி ஒரு குத்து விட்டது.

"சரிப்பா, முடிச்சுட்டேன்" என்றேன். அப்புறம்தான் கை இறங்கியது.