தடைக்காலத்து அருவி

அருவிக்குப் போகத் திட்டம் போட்டது நான்தான். எங்கள் வீட்டில் எதற்கும் திட்டம் போடுவது நான். அக்கா புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் விற்கிறாள். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறேன். அவள் உழைப்பாள், நான் பட்டியல் போடுவேன். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் மனக்குறை இல்லை.

ஆனால் ஆசை அவளுடையது. அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் அம்மா ஒருவர், கல்வராயன் மலை அருவியில் எடுத்த வீடியோவைக் காட்டியிருக்கிறார். சாலையில் இறங்கி அரை மணி நேரம் நடந்தால் போதும், சின்னப் பிள்ளைகள்கூட நடந்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்த அக்கா கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"உப்பு இல்லாத தண்ணி மேல இருந்து கொட்டுதுடி. அதுக்கு அடியில ஒரு வாட்டி நிக்கணும்."

அக்கா தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. முப்பது வருடமாக விடிவதற்கு முன்பே துறைமுகத்துக்குப் போகிறாள். காய்ச்சலோடும் போவாள். என்னைப் படிக்க வைத்தது அந்த ஓட்டம்தான். இந்த அருவியைக்கூட அவளுக்குக் காட்ட முடியாவிட்டால் நான் படித்து என்ன பிரயோஜனம் என்று எனக்கு ஒரு ரோஷமே வந்துவிட்டது.

நாள் குறிப்பதில் குழப்பமே இல்லை. எங்கள் மாதிரி குடும்பங்களில் எதுவானாலும் தடைக்காலத்தில்தான். மீன்கள் பெருகட்டும் என்று சித்திரையில் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவிடுவார்கள். இரண்டு மாதம் போல மீன் ஏலம் நடக்காது. காது குத்துவது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, ஆடுகிற பல்லைப் பிடுங்குவது எல்லாம் அப்போதுதான். அருவியையும் அதில் சேர்த்தோம். அக்கா வீட்டுக்காரரான மாமா படகில் வேலை செய்கிறவர்; அவரும், நல்ல வெயில் காலமாகப் பார்த்தீர்கள், மழை வந்து கெடுக்காது என்று எங்கள் அறிவை மெச்சினார்.

பட்டியல் மூன்று பக்கம் போனது. அதிகாலை விழுப்புரம் பேருந்து, அங்கிருந்து கள்ளக்குறிச்சி, அங்கிருந்து மலைக்கு வண்டி. மாற்றுப் புடவை, துண்டு, புளிசாதம். சுறாப்புட்டு வேண்டாம் என்று நான் அடித்தேன். அக்கா மறுபடி எழுதச் சொன்னாள். காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவளுக்குக் கேன்வாஸ் ஷூ வாங்கினோம். வாழ்க்கையில் முதல் ஷூ. போட்டுக்கொண்டு நாலடி நடந்தவள், காலைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது என்று நடுத்தெருவில் நின்று சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார்.

மலையேறப் பழக வேண்டுமே. புதுச்சேரியில் ஏற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது பாலம்தான். தினமும் சாயங்காலம் அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினோம். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஷூ தடதடக்க எனக்கு முன்னால் போவாள். உச்சியில் நின்று, நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, உன்னைத்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருக்கும் என்பாள். அந்தச் சாயங்காலங்களில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, அருவி வழியில் உள்ள டீக்கடையின் எண் கிடைத்தது. பாறை வழுக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"இப்ப வந்தா பாறைய மட்டும்தாம்மா பாக்கலாம். தண்ணி சுத்தமா இல்ல. மழையெல்லாம் முடிஞ்சு மார்கழியில வாங்க, ஜோரா கொட்டும்."

கோடையில் அருவி வற்றும் என்பது மூன்று பக்கப் பட்டியல் போட்ட எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்கும் மாமாவுக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் கடல் ஒன்றுதான். அது கோடை விடுமுறையில் போவதில்லை. வீட்டில் அசடு வழியச் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் அறிவை மெச்சிய மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. மார்கழி என்றால் கிறிஸ்துமஸ், புது வருஷம். ஊரெல்லாம் வெளியூர்க் கூட்டம், ஓட்டல்காரர்கள் மீனுக்கு அடித்துக்கொள்ளும் நேரம். ஏலத்தில் எடுத்ததை அங்கேயே தரையில் பரப்பி விற்கிறவள் அவள். ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள், வாடிக்கையும் அவளோடு போய்விடும். முப்பது வருடமாக அவள் பயந்தது இதற்கு மட்டும்தான்.

"வேணாம், உடு. நமக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே ஒரு நாள், உன் தலையா போய்விடும் என்று கத்தினேன். மாதச் சம்பளம் வாங்குகிறவளுக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள்தான் என்று அக்கா அமைதியாகச் சொன்னாள். பட்டியலைக் கிழிக்கப் போய், மனசு வராமல் அலமாரியில் வைத்தேன்.

தடைக்காலம் முடிந்தது, படகுகள் போயின. அக்கா அருவிப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் பால நடையை விடவில்லை. நான் கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது பெரிய சாதனை. கார்த்திகை மழைக்குப் பிறகு வாரம் ஒருமுறை டீக்கடைக்காரரைக் கூப்பிடுவேன். என் குரலைக் கேட்டதும் அவரே "கொட்டுதும்மா" என்பார். அக்கா பாத்திரம் தேய்க்கும்போது, கொட்டுகிறதாம் என்று சுவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நகர்வேன். அவள் "ம்" என்பாள். மார்கழி பிறந்து ஒரு வாரம் கழித்து, அந்த "ம்"முக்குப் பிறகு ஒரு கேள்வி வந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் அங்கே கூட்டம் இருக்காதில்லையா என்றாள்.

திங்கட்கிழமை காலை நானும் அவளோடு துறைமுகத்துக்குப் போனேன். கடைசி நேரத்தில் பின்வாங்கிவிடுவாளோ என்ற பயம்தான். ஏலத்தில் எடுத்த மீனை விற்று முடித்தாள். பிறகு ஏலம் விடுகிறவரிடம் போய், நாளைக்கு வரமாட்டேன் என்றாள். அவர் கையிலிருந்த நோட்டை மூடிவிட்டார்.

"யாருக்கு இன்னா ஆச்சு?"

சுற்றியிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து விற்கிறவள், அக்கா வீட்டில் சதா எரிச்சலோடு குறிப்பிடும் போட்டிக்காரி, வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. நான் அருவி பாக்கப் போறேன்."

அக்காவின் காது சிவந்துவிட்டது. அப்போது அந்தப் போட்டிக்காரி தன் காலிக் கூடை ஒன்றை எடுத்து, அக்காவின் இடத்தில் நங்கென்று வைத்தாள்.

"நாளைக்கு எவளாவது இங்க ஒக்காரட்டும், பாத்துக்கறேன். நீ நல்லா நனைஞ்சுட்டு வா."

அக்கா தன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வேகவேகமாக நடந்தாள். நான் எட்டி நடந்து பக்கத்தில் போனபோதெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.