மூன்றாம் நம்பர் மிஷின்

ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திருப்பி அனுப்புவது எங்கள் தொழில். சலவைக்காரருக்காவது அழுக்கு கண்ணுக்குத் தெரியும், எங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது. டயாலிசிஸ் யூனிட்டில் நின்று நின்று கால் வீங்கிய சகோதர சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? எண்பதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் டெக்னீஷியன். மூன்று மிஷின்கள், ஒன்பது நோயாளிகள். பத்தாவதாக இருந்தவர் பி வகைக் காமாலை வந்து எங்கள் கண்ணெதிரிலேயே போய்விட்டார். மிஷின் வழியாகவே அவருக்குத் தொற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். இன்னொருவருக்கு அது என் கையால் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மாதாமாதம் எல்லோருக்கும் ரத்த டெஸ்ட், கிருமி இருப்பவருக்குத் தனி மிஷின் என்று சட்டமே போட்டோம். அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டில் கொஞ்சம் இது.

மோர் வைத்தியம்

எடப்பாடியில் விசைத்தறி வைத்திருந்த மாதையனுக்கு இந்தச் சட்டம் பிடிக்கவே இல்லை. கண் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும்போது காமாலை டெஸ்ட் எதற்கு என்றார். இந்தக் கிருமி கண்ணில் மஞ்சளைக் காட்டாமலே ரத்தத்தில் வருஷக்கணக்கில் குடியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை.

டெஸ்ட் நாளன்று எடை பார்த்தால் வழக்கத்தைவிட மூன்று கிலோ கூடுதல். சிறுநீர் பிரியாதவர் குடிக்கிற தண்ணீர் முழுவதும் உடம்பிலேயே தங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். துருவிக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. மூன்று நாளாகக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து சொம்பு சொம்பாகக் குடித்திருக்கிறார். அத்தனை மோரையும் உறிஞ்சி எடுக்க மிஷினுக்கு ஒரு மணி நேரம் அதிகம் பிடித்தது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனுஷர் அசரவே இல்லை.

“டெஸ்ட்டுன்னு சொன்னீங்க, படிச்சுப்போட்டு வந்தனுங்க.”

பொட்டு

அந்தக் காலத்து டெஸ்ட்டுக்குக் குழி குழியான ஒரு தட்டு இருந்தது. கிருமி இல்லாவிட்டால் குழியின் அடியில் குங்குமப் பொட்டு வைத்தாற்போல் ஒரு சிவப்புப் புள்ளி உட்காரும். இருந்தால் சிவப்பு ஒரு புள்ளியாகச் சேராமல் குழி முழுக்கப் பரவிவிடும். ‘பொட்டு இருக்கு, பொட்டு இல்லை’ என்றே நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஒரு நாள் ஒன்பது குழியில் எட்டில்தான் பொட்டு. ஒன்பதாவது, திருச்செங்கோட்டுப் பக்கம் பெரிய தோட்டக்காரரான நல்லமுத்துவுடையது. இரண்டாம் முறையும் செய்து பார்த்தேன், அதே முடிவு. நர்ஸிடம், “நல்லமுத்துவுக்குப் பொட்டு இல்லை” என்றேன். அவருடைய மனைவி கதவுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. அந்த அம்மாளின் கை தானாக நெற்றிக்குப் போனது. என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. உட்கார வைத்து, இது உயிருக்கு நாள் குறிக்கிற டெஸ்ட் இல்லை, மிஷினை மட்டும் மாற்ற வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப எம்பட பொட்டுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா, அம்மிணி?”

துணி ரூம்

மூன்றாம் நம்பர் மிஷினை, படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த ரூமுக்குத் தள்ளி, கதவில் சிவப்பு அட்டை தொங்கவிட்டோம். நல்லமுத்து வாசல்படியோடு நின்றுவிட்டார். ஊரில் பஞ்சாயத்து சொல்கிற மனுஷர். எல்லோரோடும் போட்டால் போடு, இல்லாவிட்டால் வேண்டாம் என்று காரில் ஏறிப் போய்விட்டார். பெரிய இடத்திலிருந்து டாக்டருக்குப் போன் வந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். அவரைப் பொது மிஷினில் போட்டால் மறுநாள் நான் வேலைக்கு வரமாட்டேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அவர் செத்துப்போனால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் நடுக்கம்தான்.

இரண்டு முறை வராமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் மூச்சு வாங்க, முகமெல்லாம் வீங்கி வந்தார். துணி ரூமுக்குள் அவராகவே போய்ப் படுத்து, கையை நீட்டினார். ஊசி ஏற்றும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“என்னைய ஒதுக்கி வெக்கறதுக்கு இந்த ஜில்லாவுல ஒரு ஆளு பொறந்துட்டாங்கன்னு ஊட்டுல சொல்லிப்போட்டுத்தானுங்க வந்தேன்.”

ரிப்பேர்

சில மாதம் கழித்து இரண்டாம் நம்பர் பழுதாகிவிட்டது. மெக்கானிக் மெட்ராசிலிருந்து வர வேண்டும். ஒரே மிஷினுக்கு எட்டுப் பேர். மாதையனுக்கு அன்று மூச்சுத் திணறல். உள்ளே நல்லமுத்துவுக்கு டயாலிசிஸ் முடியப் போகிறது, மூன்றாம் நம்பரை நன்றாகக் கழுவிவிட்டு இந்த ஒரு தடவை மட்டும் போட்டுவிடுங்கள் என்று மாதையனின் மகன்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றாம் நம்பரில் அடுத்த முறை அவருக்குத்தான், இரண்டு மணி நேரம் ஆக்ஸிஜன் வைத்துத் தாங்கிக்கொள்ளலாம் என்றேன். கிருமியைப் பற்றிச் சொன்னேன், செத்தவரைப் பற்றிச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. காத்திருந்த மற்றவர்களின் சொந்தக்காரர்களும் சேர்ந்துகொள்ள, கூட்டம் துணி ரூம் வாசலுக்கே வந்துவிட்டது. நான் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால், படுத்திருந்த நல்லமுத்துவின் குரல் கேட்டது. கூட்டம் அப்படியே பின்வாங்கியது.

“எம்பட தோட்டத்துல ஆளுங்களுக்குத் தனி டம்ளரு வெச்சிருக்கறவன் நானு. இது எனக்கு வெச்ச டம்ளரு. இதுல வேற ஆரும் வாய் வெக்கக் கூடாது.”

நான் மாதக்கணக்கில் தொண்டை வறளச் சொல்லியும் ஏறாதது, டம்ளர் என்ற ஒரே சொல்லில் அத்தனை பேருக்கும் பளிச்சென்று விளங்கிவிட்டதில் எனக்கு அன்று எவ்வளவு நிம்மதியோ அவ்வளவு வெட்கம்.